மலருக்கு அடுத்த நிலை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் புழல் ஒன்றியத்தைச் சேர்ந்த அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் முதலமைச்சரால் தொடங்கி வைக்கப்பட்டபோது, எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளும் 2025க்குள் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வல்லவர்களாக வேண்டும் என்பது அதன் இலக்காக அறிவிக்கப்பட்டது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன என்பதால், பள்ளிக்கூடத்தையே பார்த்திராத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்த காலம் அது. ஒரு குழந்தை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காட்டிலும் எந்தப் படியில் நிற்கிறது என்பதே கற்பித்தலுக்கு முக்கியம் எனக் கொண்ட இத்திட்டம், பிள்ளைகளை அவர்களது கற்றல் நிலையை ஒட்டி அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பகுத்தது. மலர் என்பது முதல் மூன்று வகுப்புகளுக்கு உரிய திறன்களை எட்டிவிட்ட நிலை. அதற்கு அப்பால் ஒரு நிலை வகுக்கப்படவில்லை.

பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஏழாகப் பகுத்துப் பெயரிட்ட மொழி தமிழ். மலருக்கு அடுத்ததாக, முழுவதும் விரிந்த பூவைக் குறிக்க அலர் என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது; ஆனால் அகப்பாடல்களில் அதே சொல் ஊரார் தூற்றும் பழிப்பேச்சையும் குறித்துவிட்டதால், அதை ஒரு வகுப்பறைக் குழுவுக்குப் பெயராகச் சூட்ட எந்தக் கல்வி அலுவலரும் தயங்குவார். அதற்கும் அடுத்த இரண்டு பருவங்களோ உதிர்வதும் வாடுவதும். திட்டம் வகுத்தவர்கள் மலரோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் உவமையின் இடர்ப்பாடு அன்று. பின்தங்கிய பிள்ளையைப் பற்றிய நியாயமான கவலையே. ஆயினும் மலர் நிலையை ஆகஸ்டு மாதத்திலேயே எட்டிவிடும் ஒரு குழந்தை செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வகுப்பறையில் என்ன செய்யும் என்ற கேள்வி அந்தக் கவலையால் மறைந்துவிடவில்லை.

ஆசிரியர் பயிற்சி நூல்களில் ‘மெல்லக் கற்போர்’ என்ற தொடருக்கு எதிர்முனையில் ‘மீத்திறன் மிக்க குழந்தைகள்’ என்ற தொடர் உண்டு. வீடுகளில் இவர்களையே சூட்டிகையான பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை என்பார்கள். இத்தகைய குழந்தைகளுக்குப் பள்ளி செய்யக்கூடியவற்றைக் கல்வியியல் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று விரைவுபடுத்தல்: குழந்தையை மேல்வகுப்புக்கோ மேல்வகுப்புப் பாடத்துக்கோ முன்கூட்டியே அனுப்புவது, ஊரில் ‘டபுள் புரமோஷன்’ என்று சொல்லப்பட்டு, இன்று அநேகமாக மறைந்துவிட்ட பழைய வழக்கம் இதன் ஒரு வடிவம். மற்றொன்று வளமூட்டல்: குழந்தையை அதன் வயதுத் தோழர்களோடே வைத்துக்கொண்டு, அதே பாடப்பொருளை இன்னும் ஆழமாகவும் அகலமாகவும், விடை ஒன்றாக இராத கேள்விகளின் வழியாகவும் கற்க இடமளிப்பது. சில நூல்கள் இதைச் செறிவூட்டல் என்றும் எழுதுகின்றன. நியாயவிலைக் கடை அரிசியால் இன்று எல்லோருக்கும் பழகிவிட்ட சொல்தான், ஆனால் அரிசியில் வெளியிலிருந்து சத்தைச் சேர்ப்பதைப் போன்ற செயல் அன்று இது என்பதால் வளமூட்டல் என்பதே பொருத்தம். அமெரிக்கக் கல்வியியலர் ஜோசப் ரென்சுல்லி 1978இல் முன்வைத்த மூவளையக் கருத்தாக்கம் இத்துறையில் இன்றும் செல்வாக்குடையது: சராசரிக்கு மேற்பட்ட திறன், படைப்பூக்கம், எடுத்த வேலையை விடாத ஈடுபாடு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் மீத்திறன் தோன்றுகிறது என்றும், அது ஒரு குழந்தையின் நிரந்தரக் குணமாக இல்லாமல் சில நேரங்களில், சில வேலைகளில், சில சூழல்களில் வெளிப்படும் நடத்தையாக இருக்கிறது என்றும் அவர் வாதிட்டார்.

இந்தக் கருத்தைத் திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டிப் பகுதியில் வைத்துப் பார்த்தால் அதன் கூர்மை விளங்கும். சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள், தேர்வாய்க்கண்டிகையின் புதிய தொழிற்பூங்கா, மீஞ்சூர் பக்கத்து அனல் மின் நிலையங்கள், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் என மாவட்டத்தின் வடகிழக்கு முழுவதும் ஷிப்டு நேரத்துக்கு இயங்கும் நிலம் இது. ஒப்பந்தத் தொழிலாளர்கள், செங்கல் சூளைக் குடும்பங்கள், பழவேற்காட்டு மீனவர்கள், இருளர் குடியிருப்புகள், கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஆகியவற்றின் பிள்ளைகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். வசதியுள்ள வீட்டுச் சூட்டிகைப் பிள்ளைக்கு அபாகஸ் வகுப்பு, ஒலிம்பியாட் தேர்வு, ரோபோடிக்ஸ் பயிற்சி, சதுரங்கப் பயிற்றுநர் என வளமூட்டல் கடைச்சரக்காகவே கிடைக்கிறது. 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சதுரங்க வாகையரான குகேஷ், சென்னையின் மேற்கு ஓரமான மேல் அயனம்பாக்கத்தில் உள்ள பள்ளியில் படித்தவர். 7 வயதில் அவர் சதுரங்கம் கற்கத் தொடங்கியபோது வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் பயிற்சி இருந்தது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் எந்தப் பள்ளிக்கும் எட்டாத அளவு அன்று. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் பொறி தட்டியபோது அதைக் கண்டுகொள்ளவும், போட்டிகளுக்கு ஊர் ஊராக அழைத்துச் செல்லவும் மருத்துவரான தந்தையும் நுண்ணுயிரியலாளரான தாயும் அவருக்கு இருந்தார்கள். இரவு ஷிப்டு முடிந்து வந்து தூங்கும் தந்தைக்கும் நூறு நாள் வேலைக்குச் சென்றுவிட்ட தாய்க்கும் பிறந்த குழந்தைக்கு அந்தப் பொறியைக் கண்டுகொள்ளக்கூடிய ஒரே பெரியவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர்தான்.

அந்த ஆசிரியரோ அப்பிள்ளையை வகுப்புத் தலைவராக்குவார். எழுதி முடித்துவிட்டால் மற்றவர்களின் நோட்டைத் திருத்தவும் அரும்பு நிலைப் பிள்ளைகளுக்கு எழுத்தட்டை காட்டவும் சொல்வார். இதில் குறை காண்பது எளிது. ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் மரபு நீண்டது. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்ற பதவி இருந்தது. வயதிலும் படிப்பிலும் மூத்த மாணவன் இளையோருக்கு எழுத்தும் எண்சுவடியும் சொல்லிக் கொடுக்க, ஆசிரியர் மேற்பார்வை செய்வார். 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவ ஆண் அநாதைப் பள்ளியின் மேற்பார்வையாளரான ஆண்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதிப் பழகிய உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டு, தன் உதவி ஆசிரியர்கள் செய்ய மறுத்த அந்த முறையை ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் வென்று காட்டினான். பெல் 1797இல் இலண்டனில் அதைப் பற்றி வெளியிட்ட நூலால் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தெங்கும் பரவியது. பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது சொல்லிக் கொடுப்பவரின் அறிவும் தெளிவடைகிறது என்பது உண்மையே. எனினும் மெட்ராஸ் முறை உலகுக்குப் பிடித்துப்போனதற்கு முதன்மைக் காரணம் அதன் மலிவு: சம்பளம் இல்லாத ஆசிரியர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்குப் பாடம் நடத்த முடிந்தது. சூட்டிகைப் பிள்ளையைச் சட்டாம்பிள்ளையாக்கும்போது பள்ளிக்கு ஓர் ஆள் கிடைக்கிறது. அப்பிள்ளைக்குக் கிடைப்பது தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வேலை. ஏழு வயதில் முழு முயற்சி தேவைப்படும் கணக்கு ஒன்றைக்கூடச் சந்திக்காத குழந்தை, பதினான்கு வயதில் முதல்முறையாக அத்தகைய கணக்கைச் சந்திக்கும்போது தனக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டிவிடுவதை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் அறிவார்கள்.

திறமையைத் தேடும் அரசுத் திட்டங்கள் தமிழ்நாட்டில் குறைவு என்று சொல்ல முடியாது. அவை எப்போது தொடங்குகின்றன என்பதுதான் கேள்வி. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு எட்டாம் வகுப்பில் நடக்கிறது. தேர்ச்சி பெறுபவருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதாம் வகுப்பில். தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு பதினோராம் வகுப்பில். மாவட்டந்தோறும் உள்ள மாதிரிப் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்புக்கு மேல். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரை. புனேயில் 1962இல் வி. வி. பெண்ட்சே நிறுவிய ஞான பிரபோதினி, மீத்திறன் மாணவர்களுக்கென்றே பின்னர்ப் பள்ளி நடத்திய அரிய இந்திய நிறுவனம். அதுவும் முதல் மூன்று வகுப்புகளில் கை வைக்கவில்லை. ஆறு முதல் எட்டு வயது வரையிலான காலத்துக்கு மரபு விட்டுச் சென்றிருப்பது மேடைதான்: முழுக் குறளையும் ஒப்பிக்கும் குழந்தைக்குப் பரிசு உண்டு, கைதட்டு உண்டு. அவதானக் கலை வளர்ந்த மொழியில் நினைவாற்றலுக்கு மதிப்பிருப்பது இயல்பு; ஆனால் ஒப்பிக்காமல் கேள்வி கேட்கும் பிள்ளைக்கு மேடை கிடைப்பதில்லை.

இவ்வளவு சிறு வயதில் மீத்திறனைக் கண்டறிய முடியுமா என்பது இத்துறையின் மிகப் பழைய வழக்கு. பாரிஸில் ஆல்பிரெட் பினே 1905இல் வடிவமைத்த சோதனையின் நோக்கம் பள்ளியில் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் காண்பதே. அதை 1916இல் அமெரிக்காவுக்கு ஏற்பத் திருத்தி அமைத்த லூயிஸ் டெர்மன்தான், 1921 முதல் கலிபோர்னியாவில் உயர் நுண்ணறிவு ஈவு பெற்ற ஏறத்தாழ 1,500 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து அவர்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். அவரது சோதனையில் மதிப்பெண் போதாமல் விடுபட்ட சிறுவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரஸ் என்ற இருவர் பிற்காலத்தில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆயிரத்து ஐந்நூறு பேரில் ஒருவரும் அப்பரிசைப் பெறவில்லை. டெர்மன் உழைப்பில் சோம்பியவர் அல்லர். அவர் கையிலிருந்த அளவுகோல் அவ்வளவுதான்.

தொடக்க வகுப்புகளில் இந்த அளவுகோல் இன்னும் நடுங்குகிறது. ஒன்றாம் வகுப்பில் சேரும் இரு குழந்தைகளுக்கு இடையே பதினொரு மாத வயது வேறுபாடு இருந்தால், அது இளைய குழந்தையின் வாழ்நாளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மூத்த குழந்தை கெட்டிக்காரத்தனமாகத் தோன்றுவதற்கு அதுவே போதும். திருவள்ளூர் மாவட்டத்தில் இதோடு மொழியும் சேர்கிறது. ஆரம்பாக்கம், ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு என ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. இருளர் குழந்தைகளின் வீட்டுப் பேச்சு பாடநூல் தமிழிலிருந்து வெகுதூரம் விலகியது. ஒடிசாவிலிருந்து சூளை வேலைக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகச் சூளை ஓரங்களில் ஒடியா மொழியிலேயே பாடம் சொல்லும் பணியிடப் பள்ளிகள் இம்மாவட்டத்தில் நடத்தப்பட்டிருக்கின்றன. தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறும் ஒரு சூளைத் தொழிலாளியின் மகள், பச்சைச் செங்கல் அடுக்கை ஒரு பார்வையில் எண்ணிச் சொல்லக்கூடியவளாக இருக்கலாம். எழுத்துச் சோதனை அவளை அரும்பு என்றே பதிவு செய்யும். மதிப்பீட்டுச் செயலியில் ஏறிய அந்தப் பதிவைத் திறந்து பார்ப்பவருக்கு அவளைப் பற்றி வேறெதுவும் தெரியவராது. சொற்களே இல்லாமல் வடிவங்களின் ஒழுங்கை மட்டும் கொண்டு அமைந்த சோதனையை ஜான் ரேவன் 1938இலேயே வெளியிட்டதற்குக் காரணம் இத்தகைய சிக்கல்தான்.

ஆசிரியரின் பரிந்துரையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடா மாநிலத்துப் பெரிய பள்ளி மாவட்டம் ஒன்றின் அனுபவம் சான்று. பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைத்த பிள்ளைகளுக்கு மட்டும் மீத்திறன் சோதனை நடத்தி வந்த அந்த மாவட்டம், 2005 முதல் இரண்டாம் வகுப்பில் படிக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும், சொல் சாராத முதற்கட்டச் சோதனை ஒன்றை வைத்தது. அளவுகோலைத் தளர்த்தாமலேயே ஏழை வீட்டுப் பிள்ளைகளும், கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளும் மீத்திறன் பட்டியலில் பெருமளவு கூடினார்கள் என்பதைப் பொருளியலர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பின்னாளில் நிதிச் சிக்கனத்தால் அந்தப் பொதுச் சோதனை கைவிடப்பட்டதும் அந்த எண்ணிக்கை மீண்டும் சரிந்தது. அந்தப் பிள்ளைகள் முன்பும் அதே வகுப்புகளில்தான் இருந்திருக்கிறார்கள். அவர்கள் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்படியானால் எல்லோரையும் சோதித்து, நூற்றில் முதலாக வரும் ஒருவரைப் பிரித்தெடுத்துத் தனி வகுப்பு நடத்தலாமே என்று கேட்கத் தோன்றும். சிங்கப்பூர் 1984 முதல் அதைத்தான் செய்தது: தொடக்கநிலை மூன்றில் தேர்வு, மேல்நிலை ஒரு விழுக்காட்டினருக்குச் சில பள்ளிகளில் தனிப் பாடத்திட்டம். அறிவுத் தளத்தில் அது தரமான திட்டம். ஆனால் ஒன்பது வயதுத் தேர்வுக்கு ஏழு வயதிலிருந்தே தனிப்பயிற்சி அளிக்கும் டியூஷன் மையங்கள் முளைத்தன, பிரிக்கப்பட்ட பிள்ளைகள் தம் பழைய பள்ளித் தோழர்களை இழந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் தேசிய நாள் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் அத்திட்டம் அதன் அப்போதைய வடிவில் நிறுத்தப்படும் என்றும், உயர்திறன் மாணவர்களை வளர்க்கும் ஏற்பாடு ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலுமே அமையும் என்றும் அறிவித்தார். உலகில் வேறெங்கும் காண அரிதான ஒழுங்கோடு பிரித்தெடுத்துப் பார்த்த ஒரு நாடு, பிரிப்பதைக் கைவிட்டுப் பரப்புவதற்கு வந்து சேர்ந்திருக்கிறது. தனி வகுப்பால் கறுப்பின, ஹிஸ்பானியச் சூட்டிகைப் பிள்ளைகள் பெருமளவு முன்னேறினார்கள் என்று மேற்சொன்ன ஃபுளோரிடா ஆய்வாளர்களே வேறொரு கட்டுரையில் காட்டியிருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது பல பிரிவுகள் கொண்ட பெரிய பள்ளிகளின், நான்காம் ஐந்தாம் வகுப்புகளின் கதை. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து அறுபது பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டிடம் இதற்கான விடை ஒரு காலத்தில் இருந்தது என்பதுதான் இதில் வருந்தத்தக்க செய்தி. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய முறையைத் தழுவி, மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியால் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–08இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. பாடநூல் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, அட்டைகள் ஏணிப்படிகளாக அடுக்கப்பட்டு, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படி ஏறியது. அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு ஆகியவற்றோடு, பின்தங்கினால் குறைதீர் அட்டையும் முந்தினால் வளமூட்டல் அட்டையும் ஏணியிலேயே இடம்பெற்றிருந்தன. தன் வகுப்பின் கடைசிப் படியை முடித்த குழந்தை அடுத்த வகுப்பின் அட்டையை எடுப்பதற்குத் தடை இல்லை. அம்முறைக்குக் குறைகள் இருந்தன: அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, குழந்தை ஏணியில் எங்கே நிற்கிறது என்பதைக் குறித்து வைப்பதிலேயே ஆசிரியரின் நேரம் கரைந்தது, வேகம் குறைந்த பிள்ளைகள் கவனிப்பாரின்றி ஒரே படியில் மாதக்கணக்கில் தங்கினார்கள். அந்தக் கடைசிக் குறையைத்தான் எண்ணும் எழுத்தும் சரிசெய்ய முயல்கிறது. சரிசெய்யும் முனைப்பில் ஏணியின் மேற்படிகள் கழன்றுபோயின. நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக வரிசைப்படுத்திய அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் அந்த நான்காவது சொல்லை வைத்தவருக்கு மேற்படிகளின் தேவை புரிந்திருக்கிறது.

வளமூட்டல் என்றதும் கருவிகளும் ஆய்வகமும் வேண்டும் என்று நினைப்பது தவறு. சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன் (1924–2005) காகிதம், தீக்குச்சி, பழைய காலண்டர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் இதைச் செய்தவர். காலண்டரைக் கொண்டு செய்யும் எண் விளையாட்டுகளுக்கென்றே அவர் எழுதிய சிறு நூல் உண்டு. கும்மிடிப்பூண்டி மின்ரயில் தடத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத இராயபுரத்தில் 1993இல் அமைந்த இராமானுஜன் அருங்காட்சியகத்தை உருவாக்கி வளர்த்தவர் அவரே. மளிகைக் கடையில் இலவசமாகத் தரும் மாதக் காலண்டரில் மூன்று நிரை, மூன்று நிரலாக ஒன்பது தேதிகளைக் கட்டம் கட்டச் சொல்லலாம். உதாரணமாக 8, 9, 10, அவற்றின் கீழே 15, 16, 17, அவற்றின் கீழே 22, 23, 24. இவற்றைக் கூட்டுவது கூட்டல் பயிற்சி; விடை 144. வகுப்பு முழுவதற்கும் உரிய வேலை இவ்வளவே. முடித்துவிட்ட பிள்ளையிடம் வேறு கட்டம் போட்டுப் பார்க்கச் சொன்னால், கூட்டுத்தொகை எப்போதும் நடு எண்ணைப் போல ஒன்பது மடங்காக இருப்பதைச் சில முயற்சிகளில் அது கண்டுபிடிக்கும். ஏன் அப்படி என்று கேட்டால், நடு எண்ணுக்கு எதிரெதிரே உள்ள ஒவ்வோர் இணையும் அதன் இருமடங்கு ஆவதை (8உம் 24உம் 32, 9உம் 23உம் 32) விரல் வைத்துக் காட்டும். நான்குக்கு நான்கு கட்டத்தில் நடு எண் இல்லையே, அப்போது என்ன செய்வது என்று அதுவே கேட்கவும் கூடும். ஒரே காலண்டர் தாளில் அரும்புக்கும் மலருக்கும் அதற்கு அப்பாலும் வேலை இருக்கிறது. யாருக்கும் முத்திரை குத்த வேண்டியதில்லை. நேற்று அரும்பில் இருந்த பிள்ளை இன்று ‘ஏன்’ என்ற இடத்துக்கு வந்துவிட்டால் ஆசிரியர் கண்ணுக்குத் தப்பாது.

தமிழ் எழுத்தே வராத குழந்தைக்குக் கோலம் அதே வேலையைச் செய்யும். 1, 3, 5, 3, 1 எனப் புள்ளி வைத்தால் மொத்தம் 13. அதே ஒழுங்கில் வளர்த்து நடு வரிசையை 7 ஆக்கினால் 25. 9 ஆக்கினால் எத்தனை என்பதை வைத்துப் பார்க்காமலே சொல்ல முடியுமா என்ற கேள்விக்குத் தமிழோ ஒடியாவோ தேவையில்லை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்களும் 1970களில் கோலத்தைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணங்களுக்கு உரிய பொருளாக்கி உலக ஆய்விதழ்களில் எழுதினார்கள். வாசலில் இருந்த ஒன்று பல்கலைக்கழகம் வரை சென்ற வழி அது; வாசலுக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் இடையே உள்ள சில அடித் தூரத்தைத்தான் அது இன்னும் கடக்கவில்லை.

இதை யார் செய்வது என்ற கேள்விக்கு, ஆசிரியர் என்று ஒற்றைச் சொல்லில் விடை கூறுவது அநியாயம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ சென்றால் மற்றவரிடம் ஐந்து வகுப்புகள். செயலியில் மதிப்பீடுகளை ஏற்றும் வேலை தனி. ஆனால் பல வகுப்புகள் ஒரே அறையில் உட்காரும் இந்த நெருக்கடிக்குள் ஒரு வாய்ப்பும் ஒளிந்திருக்கிறது: மூன்றாம் வகுப்புக்கு நடக்கும் பாடத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஓரக்காதால் கேட்டுக்கொண்டிருக்கிறது. தனியார் பள்ளியின் பிரிவு பிரித்த வகுப்பறையில் இது நடக்காது. அந்தப் பிள்ளை திடீரென்று விடை சொன்னால் ‘உன்னைக் கேட்கவில்லை’ என்று அமர்த்தாமல் அடுத்த கேள்வியைப் போடுவதற்குக் கூடுதல் நேரமோ பணமோ வேண்டாம். அதற்குரிய கேள்விகள் கையேட்டில் அச்சாகியிருந்தால் போதும். திரூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும் வட்டார வள மையங்களின் ஆசிரியர் பயிற்றுநர்களும் செய்ய வேண்டியது அதுவே: ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் மலருக்கு அடுத்து ஒரு பக்கம்.

தொழிற்பேட்டை நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் பள்ளிக்கு வரும்போது வகுப்பறைக் கட்டடமாக, கழிப்பறையாக, திறன் பலகையாக வருகிறது. பெயர்ப் பலகை வைக்க ஏதுவானவை அவை. வாரத்தில் இருநாள் மூன்று நான்கு பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளோடு புதிர் போடும் ஒரு கருத்தாளருக்குச் சம்பளம் கொடுப்பதையும், துளிர் போன்ற சிறுவர் அறிவியல் இதழுக்குச் சந்தா கட்டுவதையும், வகுப்புக்கு ஒரு புத்தக அலமாரி நிரப்புவதையும் திறப்பு விழா நடத்திக் காட்ட முடியாது என்பதாலோ என்னவோ, அவை விருப்பப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இவற்றைக் கேட்டு வாங்கலாம்.

படிக்கவே தெரியாத பிள்ளைகள் இருக்கும்போது முந்திச் செல்லும் பிள்ளைக்குச் செலவிடுவது சமூக நீதியா என்ற எதிர்வாதம் மதிக்கத்தக்கது. இந்த மாநிலம் கல்வியில் அடைந்தவற்றுக்கெல்லாம் வேர் அந்தக் கேள்விதான். ஆனால் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பாடத்திட்டமும் மதிப்பீடும் குழந்தையின் அறிவையும் உள்ளாற்றலையும் திறமையையும் வளர்க்க வேண்டும் என்றும், அதன் உடல், மன ஆற்றல்கள் முழு அளவுக்கு வளர வேண்டும் என்றும் கூறுகிறது. வகுப்பு அளவுக்கு என்று அது கூறவில்லை. அரசுப் பள்ளி மேற்கூரை வைத்தால் அடிபடுவது வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அன்று. அந்தப் பிள்ளைக்கு மாலையில் வேறு வாசல்கள் திறக்கின்றன. கூரை இடிப்பது வேறு வாசல் இல்லாத பிள்ளையின் தலையில்தான்.

எண்ணும் எழுத்தும் தொடங்கியது இந்த மாவட்டத்தில். அரசு உதவி பெறும் ஊரகப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று விரிவடைந்ததும் இதே மாவட்டத்தின் கீழச்சேரியில். மாநிலம் தன் முதல் அடியை எடுத்து வைக்கும் இடமாகத் திருவள்ளூர் இருமுறை இருந்திருக்கிறது. மாவட்டத்தின் 14 ஒன்றியங்களில் கும்மிடிப்பூண்டியை மட்டுமாவது தெரிந்தெடுத்து, வரும் கல்வியாண்டின் முதல் பருவக் கையேட்டில் மலருக்கு அடுத்த பக்கத்தை அச்சிட்டு, அதைத் தேர்வு வைத்துப் பொறுக்கிய சிலருக்கு அல்லாமல் எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் கொடுத்துப் பார்க்க மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் முன்வர வேண்டும்.